வகுப்பறையை அளத்தல்

நுழையும்முன்

ஒரே பாடநூல், ஒரே மணியோசை, ஒரே கரும்பலகை. ஆயினும், ஆண்டின் இறுதியில் மாணவர்கள் ஒரே இடத்தை அடைவதில்லை. இவ்வேறுபாட்டில் குடும்பத்தின் பங்கு எவ்வளவு, ஆசிரியரின் பங்கு எவ்வளவு, பாடத்திட்டத்தின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறிவது எளிதன்று. கடந்த முப்பது ஆண்டுகளில் பொருளியல் அறிஞர்கள் இவ்வினாவைக் கையில் எடுத்தனர். வகுப்பறைக்கே சென்று அளந்தனர். அவ்வாய்வுகளில் தமிழ்நாட்டுப் பள்ளிகளுக்கும் இடமுண்டு. அளவீடு கற்பித்தவற்றையும் அளவீட்டின் எல்லைகளையும் எடுத்துரைக்கிறது இப்பாடம்.

மந்தைவெளியில் ஒரு காலை

மந்தை மேய்ந்த வெளி என்னும் பொருள் தரும் பெயரைத் தாங்கிய மந்தைவெளி, இன்று சென்னையின் நெருக்கமான குடியிருப்புப் பகுதிகளுள் ஒன்று. காலை எட்டு மணிக்கு அங்கே நின்று பார்ப்பவர்க்கு, தமிழகக் கல்வியின் குறுக்குவெட்டுத் தோற்றம் தெரியும். மாநகராட்சிப் பள்ளிக்கு நடந்து செல்லும் சிறுவன், அரசு உதவிபெறும் பள்ளியின் சீருடையணிந்த சிறுமி, மெட்ரிக் பள்ளிக்குத் தானியில் செல்லும் பிள்ளைகள், மத்திய வாரியப் பள்ளியின் வண்டிக்குக் காத்திருப்போர் என ஒரே தெருவிலிருந்து பல திசைகளில் மாணவர்கள் பிரிந்து செல்வர்.

மாலையில் அத்தெருவில் பெற்றோர் பேசிக்கொள்ளும்போது, "அந்தப் பள்ளியில் பிள்ளைகள் நன்றாகப் படிக்கிறார்கள், எனவே அது நல்ல பள்ளி" என்னும் முடிவு எளிதில் பிறக்கிறது. இம்முடிவில் ஒரு குறை உண்டு. அப்பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு வீட்டில் படிப்பதற்குத் தனி அறை இருக்கலாம். தாய் பட்டதாரியாக இருக்கலாம். மாலையில் தனிப்பயிற்சி கிடைக்கலாம். அப்பிள்ளைகளின் மதிப்பெண்ணில் எந்தப் பகுதி பள்ளியால் வந்தது, எந்தப் பகுதி வீட்டிலிருந்து வந்தது என்பதை மதிப்பெண் பட்டியல் சொல்வதில்லை. நூறு விழுக்காடு தேர்ச்சி பெற்ற பள்ளி, தொடக்கத்திலேயே தேர்ந்த மாணவர்களை மட்டும் சேர்த்துக்கொண்ட பள்ளியாகவும் இருக்கலாம். அறுபது மதிப்பெண் பெறும் மாணவனை உருவாக்கிய ஆசிரியர், இருபதில் இருந்த அவனை நாற்பது படிகள் ஏற்றியவராகவும் இருக்கலாம். இந்த இரண்டையும் வேறுபடுத்துவதே ஆய்வின் முதற்பணி.

குடத்தின் குறையா, ஊற்றுவோர் குறையா?

ஆசிரியரின் தரம் மாணவரைப் பாதிக்கும் என்பது தமிழருக்குப் புதிய சிந்தனை அன்று. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், தன் பொதுப்பாயிரத்தில் நல்லாசிரியரின் இயல்பை நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றோடு ஒப்பிடுகிறது. ஆசிரியர் ஆகத் தகாதவர்க்கும் உவமைகள் உண்டு. தன் தோட்டத்தில் வேரூன்றிப் பிறர் தோட்டத்தில் காயை உதிர்க்கும் வளைந்த தென்னையும், தன்மேல் ஏற இடந்தராமல் தானே உதிர்க்கும் கனியை மட்டும் தரும் மடல் சூழ்ந்த பனையும் அவற்றுள் சில. மாணவரையும் அந்நூல் தலை, இடை, கடை என மூவகைப்படுத்துகிறது. ஓட்டைக்குடம் கடைமாணாக்கர்க்குச் சொல்லப்பட்ட உவமைகளுள் ஒன்று.

குடத்தில் நீர் நிற்கவில்லை எனில், குறை குடத்தில் மட்டுமே இருக்கிறதா? வாய் குறுகிய குடத்தில் ஒரே வீச்சில் ஊற்றினாலும் நீர் வெளியேதான் சிந்தும். கடைமாணாக்கர் எனப் பெயர் பெற்ற பிள்ளைகளுள் எத்தனை பேர் உண்மையில் அத்தகையோர், எத்தனை பேர் தமக்குப் பொருந்தாத வேகத்தில் கற்பிக்கப்பட்டவர் என்னும் வினாவே இன்றைய கல்விப் பொருளியலின் மையத்தில் நிற்கிறது. இது வெறும் ஏட்டு வினா அன்று. "இவனுக்குப் படிப்பு வராது" என்னும் ஒரு சொல், ஒரு பிள்ளையின் வாழ்க்கைப் போக்கையே மாற்றிவிடும்.

எழும்பூரிலிருந்து உலகிற்கு

கற்பித்தல் முறை ஒன்றைச் 'சோதனை' என்னும் பெயரோடு உலகின் முன்வைத்த தொடக்ககால முயற்சிகளுள் ஒன்று சென்னையில் நிகழ்ந்தது. ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரு பெல் என்னும் சமயகுரு, 1789ஆம் ஆண்டு எழும்பூரில் இருந்த படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகப் பள்ளியின் பொறுப்பை ஏற்றார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுத்துகளை எழுதிப் பழகியதைக் கண்டார். அம்முறையைத் தம் பள்ளியில் புகுத்த முயன்றபோது ஆசிரியர்கள் உடன்படவில்லை. எனவே எட்டு வயதுச் சிறுவன் ஒருவனிடம் தொடக்க வகுப்பை ஒப்படைத்தார். மூத்த மாணவர் இளையவர்க்குக் கற்பிக்கும் முறை அங்கே வளர்ந்தது.

தமிழகத்தின் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணவர் ஆசிரியர்க்குத் துணைநின்று பிறரைப் படிக்கவைப்பது வழக்கம். அதனை ஒத்த இம்முறை குறித்துப் பெல் 1797இல் இலண்டனில் நூல் வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்னும் பெயரில் அது இங்கிலாந்தின் பல பள்ளிகளில் பரவியது. ஓர் ஆசிரியரைக் கொண்டே நூற்றுக்கணக்கானோர்க்குக் கற்பிக்க முடிந்ததால், குறைந்த செலவில் ஏழைப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவு தரும் வழியாக அது போற்றப்பட்டது.

எனினும், பெல்லின் 'சோதனை'யில் ஒன்று விடுபட்டிருந்தது. அம்முறையில் படித்த சிறுவர்கள் முன்னேறினர். ஆனால் அம்முறை இல்லாதிருந்தால் அதே சிறுவர்கள் எவ்வளவு முன்னேறியிருப்பர்? இதற்கு விடை காண ஒப்பீட்டுக் குழு வேண்டும். அக்குறை நீங்க நெடுங்காலம் ஆயிற்று.

குலுக்கல் தரும் நேர்மை

ஒரு புதிய உரம் பயன் தருமா என அறிய விரும்பும் உழவர், உரமிட்ட பாத்தியையும் உரமிடாத பாத்தியையும் ஒப்பிடுவார். உரமிட்ட பாத்தி இயல்பாகவே வளமான மண்ணாக இருந்துவிட்டால் ஒப்பீடு பிழையாகும். எந்தப் பாத்திக்கு உரம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தால், வளமான மண்ணும் வளம் குன்றிய மண்ணும் இருபுறமும் ஏறத்தாழச் சமமாக அமையும். பிறகு தோன்றும் வேறுபாட்டிற்கு உரமே காரணம் எனத் துணிந்து கூறலாம்.

இம்முறையைப் பள்ளிகளுக்குப் பொருத்தியதே கல்விப் பொருளியலின் பெரும் திருப்பம். நூறு பள்ளிகளுள் குலுக்கலில் தேர்ந்த ஐம்பதில் மட்டும் ஒரு திட்டத்தைச் செயற்படுத்தி, மற்ற ஐம்பதோடு ஒப்பிடுவது அதன் வழி. இத்தகைய களஆய்வுகளால் வறுமை ஒழிப்பு ஆராய்ச்சியை மாற்றியமைத்தமைக்காக அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் கிரெமர் ஆகிய மூவரும் 2019ஆம் ஆண்டின் பொருளியல் நோபல் பரிசைப் பெற்றனர்.

> தெரிந்து தெளிவோம்
>
> வெவ்வேறு தேர்வுகளின் மதிப்பெண்களை நேரடியாக ஒப்பிட இயலாது. எனவே ஆய்வாளர்கள் 'திட்டவிலக்கம்' என்னும் பொது அலகைக் கையாள்கின்றனர். மாணவர்களின் மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியுள்ளன என்பதை அது குறிக்கும். நூறு மாணவர்களை மதிப்பெண் வரிசையில் நிறுத்தினால், நடுவில் நிற்பவர் 0.28 திட்டவிலக்கம் முன்னேறும்போது ஏறத்தாழ 39ஆம் இடத்தை அடைவார். 0.7 திட்டவிலக்கம் பின்தங்கினால் ஏறத்தாழ 76ஆம் இடத்திற்குச் செல்வார்.

பாடநூல் மட்டும் போதுமா?

பாடநூல் இல்லாத பள்ளிக்குப் பாடநூல் தந்தால் கல்வி உயரும் என்பது யாவரும் ஒப்பும் கருத்து. கென்யாவின் மேற்குப் பகுதியில் மைக்கேல் கிரெமரும் அவருடைய உடனாய்வாளர்களும் இதனைச் சோதித்தனர். குலுக்கலில் தேர்ந்த பள்ளிகளுக்கு அரசின் பாடநூல்கள் வழங்கப்பட்டன. சராசரி மதிப்பெண் உயரவில்லை. ஏற்கெனவே வகுப்பில் முன்னணியில் இருந்த மாணவர்கள் மட்டுமே பயனடைந்தனர். அந்நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன; பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாவது மொழி. நூலைக் கையில் பெற்ற பலரால் அதனைப் படித்து அறிய இயலவில்லை.

பாடநூல் பயனற்றது என்பது இதன் பொருள் அன்று. யாரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டதோ அவருக்கே அது பயன்படும் என்பதே பொருள். இவ்வுண்மையை லான்ட் பிரிட்செட், அமண்டா பீட்டி ஆகிய இருவரும் பாடத்திட்டம் முழுமைக்கும் விரித்துக் காட்டினர். மாணவர் கற்கும் வேகத்தைவிடப் பாடத்திட்டம் விரைந்து ஓடினால், ஒருமுறை பின்தங்கியவர் மீண்டும் சேர முடிவதில்லை. கூட்டலில் தடுமாறுபவர்க்கு அடுத்த மாதம் வகுத்தலும், அடுத்த ஆண்டு பின்னமும் கற்பிக்கப்படுகின்றன. அவர் வகுப்பில் அமர்ந்திருக்கிறார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறது. கற்றல் மட்டும் நின்றுவிட்டது. மெதுவாகச் செல்லும் பாடத்திட்டம் இறுதியில் மிகுதியாகக் கற்பிக்கக்கூடும் என்பது அவர்கள் எட்டிய முடிவு.

தில்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாண்ட்ரோ கானிமியன் ஆகியோர் மேற்கொண்ட ஆய்வு இதற்குச் சான்று தருகிறது. அவர்கள் சோதித்த ஆறாம் வகுப்பு மாணவர்கள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்புகள் பின்தங்கியிருந்தனர். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களிடம் இவ்விடைவெளி நான்கரை வகுப்புகளாக இருந்தது. மேல்வகுப்புகளில் இடைவெளி குறையாமல் விரிந்தே காணப்பட்டது.

பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து

நோய் இன்னதென அறிந்தபின் மருந்தைத் தேடலாம். மும்பையிலும் வடோதராவிலும் 'பிரதம்' என்னும் தன்னார்வ அமைப்பு 'பால்சகி' என்னும் திட்டத்தை நடத்தியது. குழந்தையின் தோழி என்பது அச்சொல்லின் பொருள். அப்பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள், மூன்றாம் நான்காம் வகுப்புகளில் பின்தங்கிய பிள்ளைகளை நாள்தோறும் இரண்டு மணி நேரம் தனியே அமர்த்தி, அடிப்படை எழுத்தையும் எண்ணையும் கற்பித்தனர். இரண்டாம் ஆண்டின் இறுதியில் திட்டம் நடந்த பள்ளிகளின் மதிப்பெண் 0.28 திட்டவிலக்கம் உயர்ந்திருந்தது. பயனின் பெரும்பகுதி பின்தங்கியிருந்த பிள்ளைகளையே சேர்ந்தது. முன்னர் 'படிப்பு வராது' எனப்பட்டவர்கள் அவர்களே.

தமிழகத்தில் இதே எண்ணம் வேறு வழியில் வந்தது. ஆந்திரத்தின் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலிக் கல்வி மையம், ஓராசிரியர்ப் பள்ளிகளுக்காக ஏணிப்படி அமைப்பில் பாட அட்டைகளை உருவாக்கியிருந்தது. சென்னை மாநகராட்சியின் ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் முயற்சியால், 2003ஆம் ஆண்டு 13 மாநகராட்சிப் பள்ளிகளில் அம்முறை செயல்வழிக் கற்றலாக அறிமுகமானது. பின்னர் அது மாநிலத்தின் அரசு, அரசு உதவிபெறும் தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் விரிந்தது. வகுப்பறையின் தோற்றமே மாறியது. பிள்ளைகள் பாய்களில் குழுக்களாக அமர்ந்தனர். ஆசிரியரும் அவர்களோடு தரையில் அமர்ந்தார். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை அமைந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் படியை முடித்தபின் அடுத்த அட்டையை எடுத்தது. சில நாள்கள் பள்ளிக்கு வராத பிள்ளையும் தான் விட்ட படியிலிருந்தே தொடர முடிந்தது.

இதிலிருந்து ஆய்வுநோக்கில் ஒரு பாடம் கிடைக்கிறது. ஒரு திட்டம் எல்லாப் பள்ளிகளுக்கும் விரிந்தபின், அத்திட்டம் இல்லாத பள்ளி என ஒப்பிட எதுவும் எஞ்சுவதில்லை. அப்போது அதன் பயனைத் துல்லியமாகப் பிரித்தறிதல் கடினமாகிறது. நன்மையை விரைந்து பரப்ப வேண்டும் என்னும் அரசின் கடமையும், பரப்புமுன் சோதித்தறிய வேண்டும் என்னும் ஆய்வின் தேவையும் இங்கே எதிரெதிர் நிற்கின்றன.

2010இல் இயற்றப்பட்ட சமச்சீர்க் கல்விச் சட்டம் வேறொரு வினாவிற்கு விடையளித்தது. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என நான்காகப் பிரிந்திருந்த பாடத்திட்டங்களை அது ஒன்றாக்கியது. 2011 ஆகஸ்டு 9ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புக்குப்பின் அது பத்தாம் வகுப்பு வரை நடைமுறையானது. ஒரே பாடத்திட்டம் வாய்ப்பில் சமன்மை தருகிறது. கற்றலில் சமன்மை வர, அப்பாடத்திட்டத்தை அடையப் பிள்ளைக்குப் படிகளும் வேண்டும். 2022இல் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், தொடக்க வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்னும் மூன்று நிலைகளில் வைத்துக் கற்பிப்பது இந்நோக்கத்தினாலேயே ஆகும். அரும்பு மொட்டாகும், மொட்டு மலராகும். கடைமாணாக்கர் என்னும் நிலையான பெயருக்கு இங்கு இடமில்லை.

ஆசிரியரின் மதிப்பு

ஒரு நல்லாசிரியர் தரும் பயனை எண்ணால் கூற இயலுமா? புதுதில்லியில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றும் ராஜ் செட்டி, தம் உடனாய்வாளர்களான ஜான் ஃபிரீட்மன், ஜோனா ராக்காஃப் ஆகியோருடன் இதனை ஆராய்ந்தார். அமெரிக்கப் பெருநகர் ஒன்றின் 25 லட்சம் பிள்ளைகளின் பள்ளிப் பதிவுகளை, அவர்கள் வளர்ந்தபின் செலுத்திய வருமான வரிப் பதிவுகளோடு இணைத்துப் பார்த்தனர். மாணவரின் முந்தைய மதிப்பெண்ணைக் கணக்கில் கொண்டு, ஓர் ஆசிரியரிடம் பயின்ற ஓராண்டில் எதிர்பார்த்ததைவிட எவ்வளவு மிகுதியாக முன்னேறினர் என்பதை அவ்வாசிரியர் 'கூட்டிய மதிப்பு' என வரையறுத்தனர்.

கூட்டிய மதிப்பு மிக்க ஆசிரியரிடம் பயின்றோர் கல்லூரி செல்வதும், வளர்ந்தபின் கூடுதலாக ஈட்டுவதும் மிகுதி என அவ்வாய்வு கண்டது. இவ்வளவில் கடைசி 5 விழுக்காட்டில் உள்ள ஆசிரியரின் இடத்தில் சராசரி ஆசிரியர் ஒருவர் அமர்ந்தால், ஒரு வகுப்பு மாணவர்களின் வாழ்நாள் வருவாய் மொத்தமாக ஏறத்தாழ 2,50,000 டாலர் உயரும் என அவர்கள் கணித்தனர்.

இவ்வெண்ணைக் கண்டதும், மதிப்பெண்ணைக் கொண்டே ஆசிரியரைத் தேர்வதும் நீக்குவதும் எளிது எனத் தோன்றலாம். 2014இல் அமெரிக்கப் புள்ளியியல் கழகம் இதுகுறித்து எச்சரித்தது. மதிப்பெண் வேறுபாட்டில் ஆசிரியரால் விளையும் பகுதி 1 முதல் 14 விழுக்காடு வரை என்றே பெரும்பாலான ஆய்வுகள் கூறுவதாக அது சுட்டியது. எஞ்சிய பெரும்பகுதி ஆசிரியரின் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது. ஆசிரியர்களின் சராசரி விளைவு பற்றிய முடிவு உறுதியானதாக இருக்கலாம். தனியொரு ஆசிரியரைப் பற்றிய மதிப்பீடு பிழையாக இருக்கலாம். காட்டின் பரப்பை அளக்கும் கருவியால் ஒரு மரத்தின் உயரத்தை அளக்க முடியாது.

ஆந்திரப் பிரதேசத்தின் ஊரக அரசுப் பள்ளிகளில் கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் மற்றொரு வினாவை ஆராய்ந்தனர். மாணவரின் முன்னேற்றத்திற்கேற்ப ஆசிரியர்க்கு ஊக்கத்தொகை அளிக்கப்பட்டது. சராசரித் தொகை ஆண்டு ஊதியத்தில் 3 விழுக்காடு மட்டுமே. இரண்டாண்டில் அப்பள்ளிகளின் மாணவர்கள் கணக்கில் 0.27, மொழியில் 0.17 திட்டவிலக்கம் முன்னேறினர். ஊக்கத்தொகையில் இடம்பெறாத அறிவியல், சமூக அறிவியல் பாடங்களிலும் முன்னேற்றம் காணப்பட்டது. இதற்கு மாறாக, மாணவர் நிலை பற்றிய விரிவான அறிக்கையை மட்டும் ஆசிரியர்க்குக் கொடுத்த பள்ளிகளில் மதிப்பெண் உயரவில்லை.

இந்தோனேசியாவில் சான்றிதழ் பெற்ற ஆசிரியர்களின் ஊதியம் நிபந்தனையின்றி இருமடங்காக்கப்பட்டது. ஆசிரியர்களின் மனநிறைவு கூடியது, பணமுடை குறைந்தது. மாணவர் கற்றலில் மாற்றம் இல்லை. ஆசிரியர்க்கு நல்ல ஊதியம் தேவையில்லை என இதற்குப் பொருள் கொள்ளலாகாது. நல்வாழ்வுக்கான ஊதியம் ஆசிரியரின் உரிமை. கற்பித்தல் மாற வேண்டுமெனில், ஊதியத்தோடு வேறு சிலவும் மாற வேண்டும் என்பதே அவ்வாய்வின் செய்தி.

தமிழகம் அளித்த சான்றுகள்

தமிழகத்தின் அங்கன்வாடி மையங்களில் ஒரே பணியாளர் பல பணிகளைச் சுமக்கிறார். ஊட்டச்சத்து, பதிவேடு, தாய்சேய் நலம் ஆகியவற்றோடு முன்பருவக் கல்வியும் அவர் பொறுப்பே. கானிமியன், முரளிதரன், கிறிஸ்டோபர் வால்டர்ஸ் ஆகியோர் 320 மையங்களை ஆய்வுக்குக் கொண்டனர். குலுக்கலில் தேர்ந்த பாதி மையங்களில், கல்விக்கெனக் கூடுதலாக ஓர் அரைநாள் பணியாளர் அமர்த்தப்பட்டார். கற்பிக்கும் நேரம் இருமடங்கானது. பதினெட்டு மாதங்களுக்குப்பின், மையத்தில் தொடர்ந்து பயின்ற பிள்ளைகள் கணக்கில் 0.29, மொழியில் 0.46 திட்டவிலக்கம் முன்னேறியிருந்தனர். முன்பிருந்த பணியாளர்க்கு ஊட்டச்சத்துப் பணியில் கூடுதல் நேரம் கிடைத்ததால், வளர்ச்சி குன்றலும் கடும் ஊட்டச்சத்துக் குறையும் அங்கே குறைந்திருந்தன. அவரிடம் முன்னர்க் குறைவாக இருந்தது அக்கறை அன்று, நேரமே.

2020 மார்ச்சில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டன. தொடக்க வகுப்புகள் மீண்டும் திறந்த நாள் 2021 நவம்பர் 1. பள்ளியும் ஆசிரியரும் இல்லாமற்போனால் என்ன நிகழும் என்பதை எவரும் விரும்பாத வகையில் அக்காலம் காட்டியது. அபிஜீத் சிங், மொரீசியோ ரொமேரோ, முரளிதரன் ஆகியோர் தமிழக ஊரகங்களில் ஏறத்தாழ 19,000 பிள்ளைகளைச் சோதித்தனர். 2019இல் அதே ஊர்களில் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட, 2021 டிசம்பரில் இருந்தோர் கணக்கில் 0.7, மொழியில் 0.34 திட்டவிலக்கம் பின்தங்கியிருந்தனர். வசதி குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளின் இழப்பு இன்னும் மிகுதி.

அடுத்து நிகழ்ந்தது நம்பிக்கை தருவது. பள்ளிகள் திறந்த ஆறு மாதங்களில் இழப்பின் மூன்றில் இரண்டு பங்கு மீட்கப்பட்டது. 2021 அக்டோபரில் தொடங்கிய 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தில், தன்னார்வலர்கள் மாலை வேளைகளில் தம் பகுதிப் பிள்ளைகளுக்குக் கற்பித்தனர். மீட்சியில் ஏறத்தாழ 24 விழுக்காடு இத்திட்டத்தால் விளைந்தது என ஆய்வாளர்கள் மதிப்பிட்டனர். மிகுதியாக இழந்த பிள்ளைகளே மிகுதியாக மீண்டனர். பத்து மாலைப் பிள்ளைகளை ஒரு வீட்டுத் திண்ணையில் அமர்த்திக் கதை சொல்லிக் கணக்குக் கற்பித்த இளம்பெண்கள், தம்மை அறியாமலே உலகப் பொருளியல் ஆய்விதழ்களுக்குச் சான்றாயினர்.

அளவுகோலுக்கு அப்பால்

இவ்வாய்வுகளைத் தொகுத்து நோக்கினால் மூன்று முடிவுகள் புலனாகின்றன. பிள்ளையின் இன்றைய நிலையிலிருந்து தொடங்கும் கற்பித்தல் பயன் தருகிறது. பொருள்களை வழங்குவதைவிட, அப்பொருள்களைக் கொண்டு கற்பிப்போரின் நேரமும் முயற்சியும் பெரிது. பின்தங்கிய பிள்ளையால் மீள முடியும்.

அளவீட்டிற்கு எல்லையும் உண்டு. தேர்வால் அளக்கக்கூடியவற்றையே திட்டவிலக்கம் அளக்கிறது. ஒரு பிள்ளையின் அச்சத்தைப் போக்கிய சொல், நூலகத்தின் வாயிலைக் காட்டிய கை, தவற்றை ஏளனமின்றித் திருத்திய பொறுமை ஆகியவற்றுக்கு அலகு இல்லை. ஓரிடத்தில் பயன் தந்த திட்டம் வேறிடத்தில் அவ்வாறே பயன் தரும் என்னும் உறுதியும் இல்லை. அளப்பதைக் கைவிட இவை காரணம் ஆகா. அடக்கத்தோடு அளக்கவே காரணம் ஆகும்.

மாலையில் மந்தைவெளிக்குப் பிள்ளைகள் திரும்புகின்றனர். பல சீருடைகள் ஒரே தெருவில் மீண்டும் கலக்கின்றன. அவர்களுள் யார் எந்த மதிப்பெண் பெற்றார் என்பது பலர்க்கும் தெரியும். யார் எங்கிருந்து தொடங்கினார் என்பது சிலர்க்கே தெரியும். அவ்விரண்டாவது வினாவைக் கேட்கப் பழகிய சமூகம், எந்தப் பிள்ளையையும் ஓட்டைக்குடம் என எளிதில் ஒதுக்கிவிடாது.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பகுதியில் உள்ள முதியவர் ஒருவரிடம் அவர் பயின்ற வகுப்பறையைப் பற்றிக் கேட்டறிந்து, இன்றைய வகுப்பறையோடு ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
2. 'நூறு விழுக்காடு தேர்ச்சி' என்னும் விளம்பரத்தைக் கண்டால் நீங்கள் கேட்க விரும்பும் ஐந்து வினாக்களைப் பட்டியலிட்டு வகுப்பில் கலந்துரையாடுக.
3. உங்கள் தெருவில் உள்ள தொடக்கப்பள்ளி மாணவர் ஒருவருக்கு ஒரு வாரம் வாசிப்புப் பயிற்சி அளித்து, பெற்ற பட்டறிவை நாட்குறிப்பாக எழுதுக.

மதிப்பீடு

*குறுவினா*

1. 'கூட்டிய மதிப்பு' என்பது யாது?
2. ஆண்ட்ரு பெல்லின் சோதனையில் விடுபட்டிருந்தது எது?

*சிறுவினா*

1. கென்யாவில் பாடநூல் வழங்கியும் சராசரி மதிப்பெண் உயராமைக்குக் காரணம் கூறுக.
2. செயல்வழிக் கற்றல் வகுப்பறையின் இயல்புகளை விளக்குக.

*நெடுவினா*

1. மதிப்பெண்ணை மட்டும் கொண்டு ஆசிரியரை மதிப்பிடுதல் முறையாகுமா? பாடப்பகுதியின் சான்றுகளோடு உங்கள் கருத்தை நிறுவுக.